கிணற்று மேட்டில் நான்கு முழம்

ரோஸ்மேரிச் செடிக்குப் புளித்த மோர் ஊற்றிக் கொன்றவள் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் வேறு யாராவது சொன்னால் இன்னும் நான்கு விவரம் சேர்த்துச் சொல்வார்கள். மோருக்கு முன்னால் இன்னொரு செடியை வெறும் தண்ணீர் ஊற்றியே கொன்றிருக்கிறேன். இரண்டு சாவுக்கும் நடுவில் ஒரு மாதம்கூட இல்லை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ., இரண்டாம் வகுப்பு.

பட்டத்தைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தச் செடிப் பித்துக்கு அதுதான் காரணம். சேலத்தில் படித்த மூன்று வருஷமும் பாடப் புத்தகங்களில் யாராவது ஒருவர் ரோஸ்மேரியை முகர்ந்து யாராவது ஒருவரை நினைத்துக்கொண்டே இருந்தார்கள். அது என்ன செடி என்று விரிவுரையாளர் அம்மாவைக் கேட்டேன். ரோஜாவில் ஒரு வகை என்றார். நான் அப்படியே தேர்வில் எழுதினேன், மதிப்பெண்ணும் போட்டார்கள்.

கடைசி வருஷம் விடுதியில் என் அறைத் தோழி ஏற்காட்டுக்காரி. அவள் அப்பா காப்பித் தோட்டத்தில் கணக்கர். தோட்டத்துப் பங்களாவைச் சுற்றி வேலியே ரோஸ்மேரிதான் என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. விடுமுறை முடிந்து வரும்போது கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் மூன்று கன்று கொண்டுவந்து என் கட்டிலடியில் வைத்தாள். ரோஜாவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஊசி ஊசியாக இலை, மேலே கரும்பச்சை, அடியில் சாம்பல் பூத்த மாதிரி. ஒரு சாண்தான் உயரம், அதற்குள் தண்டு மரக்குச்சியாக முற்றத் தொடங்கியிருந்தது. இலையைக் கசக்கினால் கற்பூரமும் தைலமும் காட்டுக்குள் மழை பெய்த வாசனையும் சேர்ந்து வந்தது. புத்தகத்தில் அத்தனை பேர் எதற்கு அழுதார்கள் என்று எனக்கு முதல் தடவையாகப் புரிந்தது.

"நல்லா பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தாள். அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டு உயிர் பிழைத்திருக்கும்.

படிப்பு முடிந்ததும் மூன்று கன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீடு ஊருக்குள் இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற சாலையில் இறங்கி, வண்டிப்பாதையில் அரை மைல் நடந்தால், பயிர் நிலத்து நடுவில், கொல்லையிலேயே வீடு. கரும்பு, மரவள்ளி, மழை பெய்தால் மல்லாட்டை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அப்பா கை வைத்தது எதுவும் பட்டுப்போனதில்லை என்று நைனார்பாளையம் வரைக்கும் பேச்சு உண்டு. அந்த வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொள்வது என்றால் காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம். வேறு அர்த்தம் யாருக்கும் தெரியாது.

முதல் கன்றைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாழையும் சேம்பும் கொழுத்து நிற்கிற இடம். பத்து நாளில் இலை நுனி கறுத்தது. தண்ணீர் பற்றவில்லை போலிருக்கிறது என்று மத்தியானத்துக்கும் ஒரு குடம் சேர்த்தேன். அடுத்த வாரம் தொட்டுப் பார்த்தபோது செடி வேரோடு கையில் வந்தது. வேர் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான், கறுப்பாக ஏதோ கூழ் மாதிரி இருந்தது.

இரண்டாவதைக் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தேன். இங்கேதான் அம்மா உள்ளே வந்தாள். வாசனையுள்ள செடிக்குப் புளித்த மோர் ஊற்றினால் வாசனை கூடும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. கறிவேப்பிலை விஷயத்தில் அது பொய்யும் இல்லை. இதுவும் வாசனைச் செடிதானே, அதற்கு ஊற்றலாம் இதற்கு ஊற்றக்கூடாதா என்று அம்மா கேட்டாள். மூன்று வருஷம் இலக்கிய விமரிசனம் படித்த எனக்கு அந்த வாதத்தில் ஓட்டை தெரியவில்லை. மூன்று நாளைக்கு ஒரு சொம்பு மோர். நடுவில் அரிசி கழுவின தண்ணீர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவின தண்ணீரும் போயிற்று. யோசனை அம்மாவுடையது, ஆனால் சொம்பைப் பிடித்தது என் கை. கடைசி நாட்களில் செடியிடம் ரோஸ்மேரி வாசனையே இல்லை. தயிர்ப் பானையைக் கழுவாமல் வைத்த வாசனைதான் இருந்தது.

அப்பா வந்து பார்த்தார். அவர் சத்தமாகச் சிரிக்கிற ஆள் இல்லை. செத்த செடியைக் காலால் தள்ளிவிட்டு, "ரெண்டு ஆச்சு. இன்னும் ஒண்ணு இருக்குதே, அத்த இன்னா பண்ணப் போற?" என்றார்.

அண்ணன் பின்னால் நின்று சிரித்தான். அவன் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எனக்குன்னு ஒரு எடம் குடுங்கப்பா. நாலு மொழம் போதும். அங்க யாரும் வரக்கூடாது. யாரும் எதையும் ஊத்தக்கூடாது."

அப்பா கிணற்று மேட்டைக் கையால் காட்டினார். கிணறு வெட்டியபோது வாரிக் கொட்டிய கல்லும் சரளையும்தான் அந்த மேடு. எருக்கஞ்செடிகூட இரண்டு முறை யோசித்துவிட்டு முளைக்கும். அதைக் கொடுப்பதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. "எடுத்துக்கோ. கண்ணாலம் ஆவுற வரிக்கும் அது உன்னுது" என்றார்.

உடனே போய் அளந்தேன். என் கை குட்டை. அண்ணனுடைய கையால் அளந்திருந்தால் பக்கத்துக்குப் பக்கம் அரை முழம் கூடக் கிடைத்திருக்கும், ஆனால் அவனிடம் கை கேட்பதில்லை என்று வைராக்கியம். கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிலும் வைத்தேன். நடுவில் மூன்றாவது கன்று.

சிரிக்கலாம். ஆனால் என் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மாதத்துக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கரும்பு அப்பாவுடையது, மாடு அம்மாவுடையது, சைக்கிள் அண்ணனுடையது. எனக்கு ஒரு தகரப் பெட்டியும் அதில் இருந்த புத்தகமும். நான் கேட்காமல் யாரும் கால் வைக்க முடியாத இடம் என்று இந்தப் பூமியில் எனக்கு இருந்தது அந்த நான்கு முழம்தான். பயிரிட லாயக்கில்லாத சரளைதான், இருந்தாலும் என் சரளை.

அங்கேயும் நான் திருந்தவில்லை. ஆளை உள்ளே விட்டால் மோர் ஊற்றிவிடுவார்கள் என்று அம்மாவை விரட்டினேனே தவிர, என் குடத்தை நான் விடவில்லை. செடி சாகவும் இல்லை, வளரவும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருக்கிற நோயாளி மாதிரி ஒரே நிலையில் கிடந்தது.

இட ஒதுக்கீட்டுக்கான போராட்டம் அப்போது வேகம் எடுத்திருந்தது. எங்கள் ஜனங்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் தனியாகப் பங்கு வேண்டும் என்ற கோரிக்கை. அண்ணன் முழுநேரமாக அதில் இறங்கியிருந்தான். சாயங்காலமானால் எலவனாசூர்கோட்டைக் கூட்டம், திருக்கோவிலூர்க் கூட்டம் என்று சைக்கிளில் போய்விடுவான். கோரிக்கையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஐந்து தலைமுறையில் எங்கள் கிளையில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களை ஒரு கையில் எண்ணலாம். அந்த நாட்களில் சிரிக்க முடியாத காரியங்களும் நடந்தன. வீடு எரிந்தவர்கள், ஆளைப் பறிகொடுத்தவர்கள் எல்லாத் தரப்பிலும் இருந்தார்கள். அதையெல்லாம் வேடிக்கையாக எழுத எனக்குப் பாத்தியதை கிடையாது. நான் எழுதுவது என் செடியைப் பற்றி மட்டும்.

அக்கா கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் இருந்தாள். மாமா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். அக்காவுக்கு இரண்டாவது பிரசவம் ஆகி உடம்பு தேறவில்லை என்று என்னை ஐந்து நாளைக்கு வரச்சொன்னாள். அம்மாவிடம் கற்பூரத்தை அணைக்காத குறையாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனேன். காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம், மோர் கூடாது.

நான் மலை ஏறின மறுநாள் கீழே சாலை மறியல் தொடங்கிவிட்டது. சாலையோரத்து மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள், பஸ் ஒன்றும் மேலே வராது என்று மாமா சேதி கொண்டுவந்தார். ஐந்து நாள் ஒன்பது நாள் ஆயிற்று. அக்காவுக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். நான் மட்டும் தினமும் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஊரே பத்திக்கினு எரியிது, நீ செடிக்கு அழுவுறியா?" என்றாள் அக்கா.

அவளுக்குப் புரியவைக்க முடியாது என்று அம்மாவுக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். எந்த நேரத்தில் எவ்வளவு ஊற்றவேண்டும், குடத்தைச் சாய்க்காமல் கையால் தெளிக்கவேண்டும், எல்லாம் வரிசையாக. தேன் விற்கக் கால்நடையாகக் கீழே இறங்கிய ஒரு மலைக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். நான் வீடு போய்ச் சேர்ந்து நான்கு நாள் கழித்து அவர் பொறுப்பாக அதைக் கொண்டுவந்து என்னிடமே கொடுத்தார்.

மலையில் காலையில் பனி இறங்கும். பகலில் வெயில் சுடாது. மழை பெய்தாலும் சரிவில் தண்ணீர் நிற்காது. அக்கா ஒருநாள் யோசித்துவிட்டு, இந்தச் செடியை இங்கே கொண்டுவந்து வைத்திருந்தால் தானாக வளர்ந்திருக்குமே என்றாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எனக்கு வந்த கோபத்துக்கும் அதுதான் காரணம்.

"தானா வளர்றதுக்கு நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

பத்தாம் நாள் சாமை மூட்டை ஏற்றிய லாரி ஒன்றில் கச்சிராயபாளையம் வரை வந்தேன். அதற்குமேல் பாதி நடை, பாதி யார் யாரோ சைக்கிளின் பின்னால். சாலை நெடுக வெட்டிய புளியமரங்கள் கிடந்தன. ஓரத்துக்குத் தள்ளியவை சில, இன்னும் குறுக்கே கிடந்தவை சில. தாத்தா காலத்துக்கும் முந்திய மரங்கள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அவற்றின் மேல் ஏறி இறங்கினேன். இத்தனை பெரிய மரங்கள் போய்விட்டனவே, என் குச்சி எந்த மூலைக்கு என்று ஒவ்வொரு மரத்திலும் தோன்றியது. அண்ணனிடம் கேட்க ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டே வந்தது: பங்கு கொடுக்காதது அரசாங்கம், மரம் என்ன செய்தது?

வீட்டில் யாரும் இல்லை. நேராகக் கிணற்று மேட்டுக்குப் போனேன்.

செடி நின்றது. நின்றது மட்டும் இல்லை, ஏழெட்டு இடத்தில் வெளிர்பச்சையாகப் புதுத் துளிர். இலை முள்ளுமுள்ளாக விறைத்து, கையை அருகில் கொண்டுபோகும்போதே வாசனை வந்தது. என்ன நடந்தது என்று அம்மா வந்ததும்தான் தெரிந்தது. அத்தனை நாளும் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்ற நினைப்பும் இல்லை, நேரமும் இல்லை. வீட்டு மோர் அவ்வளவும், பக்கத்துக் கொல்லை மோரும் சேர்த்து, மறியலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குக் குடம் குடமாகப் போயிருக்கிறது. ஒரு சொம்புகூட மீதியில்லை. அந்தப் போராட்டத்தால் முதலில் பலனடைந்தது யார் என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் என் ரோஸ்மேரியைச் சேர்க்க மறக்கக்கூடாது.

ஆக, நான் கற்றுக்கொண்டது இதுதான்: அதைக் கண்டுகொள்ளாமல் விடவேண்டும். பெண்ணாகப் பிறந்தவளுக்கு, அதுவும் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு, அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. வாரத்துக்கு ஒருநாள் ஒரு சொம்பு தண்ணீர். மற்ற நாளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். செடி முழங்கால் உயரம் வந்தது.

அப்போது வந்தது இன்ஜின். கரண்ட் இல்லாத பத்து நாளில் கரும்பு காய்ந்ததைப் பார்த்து அப்பாவும் அண்ணனும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். திருக்கோவிலூரில் ஒருவர் பழைய ஆயில் இன்ஜினைக் கொடுக்கிறார், வாங்கிக் கிணற்றில் வைத்துவிட்டால் கரண்டை நம்ப வேண்டாம். நல்ல முடிவு. இன்ஜினை நிறுத்தக் கெட்டியான தரை வேண்டும், மேலே ஒரு கொட்டகை வேண்டும். மேட்டில் இரண்டு இடம் தோதாக இருந்தது. ஒன்று கிணற்றுக்கு வடக்கே, குழாய் கொஞ்சம் நீளமாக வேண்டும். இன்னொன்று என் நான்கு முழம்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டே, செடியைப் பிடுங்கி வேறு இடத்தில் வைத்துக்கொள் என்று, உப்பை எடுத்து வை என்கிற குரலில் சொன்னார். வேறு இடமெல்லாம் களிமண், தண்ணீர் தேங்கும், பிடுங்கி நட்டால் செத்துவிடும் என்றேன். அண்ணன் ஒரு குச்சிக்காக ஒரு குழாயா என்றான். வடக்கே வைத்தால் என்ன என்று கேட்டேன். அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க குடுத்த எடம்பா அது" என்றேன்.

"குடுத்தது நானு. எடுத்துக்கினா இன்னா?" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு எனக்குச் செடி முக்கியமாகப் படவில்லை. பொய் சொல்லக்கூடாது, முக்கியமாகத்தான் பட்டது. ஆனால் அதைவிட அந்த 'எடுத்துக்கினா இன்னா' பெரிதாக நின்றது.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு டிராக்டர் டிரெய்லரில் இன்ஜின் வருவதாக ஏற்பாடு. அப்பாவும் அண்ணனும் மேட்டைச் சமப்படுத்தக் கடப்பாரை எடுத்துவரப் போன நேரத்தில் நான் வேலையைத் தொடங்கினேன். வண்டிப்பாதை கிணற்றுப் பக்கம் திரும்புகிற இடத்தில் கயிற்றுக் கட்டிலைக் குறுக்கே போட்டேன். விதைக்கரணைக்கு என்று கட்டி வைத்திருந்த மரவள்ளிக் குச்சிக் கட்டுகளை இரண்டு பக்கமும் அடுக்கினேன். உரலை உருட்டப் பார்த்தேன், அசையவில்லை. குழவியை மட்டும் எடுத்துவந்து நடுவில் வைத்தேன். குறைந்த வசதியில் நடந்த மறியல். பெட்டியிலிருந்து தடிமனாக ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை, கண் வண்டிப்பாதையிலேயே இருந்தது.

டிராக்டர் வந்தது. டிரைவர் எங்களுக்குப் பழக்கமில்லாத ஆள், நாற்பது வயது இருக்கும். கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குழவியைப் பார்த்தார். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் இறங்கி வந்து கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போயிருப்பார். ஆனால் அந்த வருஷம் எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோரும் நன்றாகப் பழக்கப்பட்டிருந்தார்கள். பாதையில் குறுக்கே ஒரு பொருளும் பக்கத்தில் முறைத்துக்கொண்டு ஒரு ஆளும் இருந்தால் கேள்வி கேட்கக்கூடாது. அவர் வண்டியை அணைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"மறியலா? எப்ப எடுப்பீங்கன்னு சொல்லுங்கம்மா, அதுவரிக்கும் நான் படுத்துக்கினு இருக்கேன்" என்றார். வேப்பமரத்தடியில் போய்ப் படுத்தும்விட்டார்.

என் வாழ்க்கையில் என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் நடத்தியதில்லை.

கடப்பாரையோடு வந்த அண்ணன் முதலில் டிரைவரிடம்தான் கத்தினான், வண்டியை எடு என்று. அவர் படுத்தபடியே, மறியலில் வண்டியை எடுத்துக் கண்ணாடி உடைந்தது போதும், இந்த விஷயத்தில் உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்றார். பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த நான்கைந்து பெண்கள் வரப்பில் வந்து நின்றார்கள். எதற்கு மறியல் என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி, தெரியவில்லை, ஆனால் உட்கார்ந்துவிட்டார்கள் என்றாள்.

அண்ணன் என்னிடம் வந்தான். "மானத்த வாங்காத, எழுந்திரு. ஒரு செடிக்கா இந்தக் கூத்து?"

"எங்க பங்க எங்களுக்குக் குடுன்னு ரோட்டுல ஒரு வாரம் ஒக்காந்துக்கினு இருந்தியே, அது கூத்தா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா? அது உரிமை."

"இது இன்னா, எரவலா?"

வரப்பிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அப்பா கொஞ்சம் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபமா, வேறு ஏதாவதா என்று முகத்தில் படிக்க முடியாது. அவர் ஒரு வார்த்தை எழுந்திரு என்று சொல்லியிருந்தால் நான் எழுந்திருப்பேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லக்கூடாதே சொல்லக்கூடாதே என்று உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அம்மா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கையில் சொம்பு. மறியலில் உட்கார்ந்தவர்களுக்குக் கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை. நேராக என்னிடம் வந்து, "குடி, வெயில்ல ஒக்காந்துக்கினு இருக்கிற" என்று நீட்டினாள். மோர். டிரைவருக்கும் ஒரு சொம்பு கொடுத்தாள். பிறகு கட்டிலின் இன்னொரு முனையில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா அப்பாவுக்கு முன்னால் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நீ இன்னா இங்க?" என்றார் அப்பா.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "இந்த வூட்டுக்கு வந்து முப்பது வருசம் ஆவுதுங்க. எனக்குன்னு ஒரு மொழம் கேக்கணும்னு எனக்குத் தோணல. அவளுக்குத் தோணுது. கேக்குறா. இன்னா இப்போ?"

அப்பா கிணற்றைப் பார்த்தார், வடக்குப் பக்கம் நடந்து போனார், காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். திரும்பி வந்து அண்ணனிடம், "கொழாய் இன்னும் ஒரு லெந்து வேணும். போய் வாங்கியா" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. டிரைவரை எழுப்பினார்கள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "எடுத்துட்டீங்களாம்மா?" என்று என்னிடம் கேட்டு, நான் தலையாட்டிய பிறகுதான் வண்டியைக் கிளப்பினார்.

அன்றைக்கு நான் செய்தது முட்டாள்தனம் என்று பின்னால் பலபேர் எடுத்துச் சொன்னார்கள். வந்த மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் அதைக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போனதாகச் சித்தி கணக்குச் சொன்னாள். போகட்டும். குறுக்கே கட்டில் போடுகிற பெண்ணைக் கண்டு பயப்படுகிறவர்கள் கேசரி சாப்பிடும் முன்பே போனது நல்லதுதான். ரோஸ்மேரி சமவெளியில் வராது என்று சொன்னவர்களும் உண்டு. எங்கள் மேட்டில் அது இடுப்பளவு வந்து, அடித்தண்டு என் மணிக்கட்டுப் பருமன் ஆயிற்று. அம்மா ரசத்தில் ஒரு கொத்துப் போட்டுப் பார்த்தாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, இருமலுக்கா என்று கேட்டார். அத்தோடு சமையலறையில் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலை இல்லாவிட்டால் என்ன? வளர்ந்தது. வேறு எதையும் அதனிடம் நான் கேட்கவில்லை. இப்போது எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது, இன்றைக்கு அதே இடத்தில் அதே டிராக்டர் வந்தாலும் கட்டிலைப் போடுவேன். முதுகு வலிக்கு ஒரு தலையணை மட்டும் கூட.

போராட்டத்துக்குப் பலன் வந்தது, அண்ணன் ஆட்கள் கேட்ட பங்கில் ஒரு பகுதி கிடைத்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் பெண்களுக்கும் பிதிரார்ஜிதத்தில் பங்கு உண்டு, கல்யாணம் ஆகிவிட்டவர்களுக்கு மட்டும் கிடையாது என்று சட்டமும் வந்தது. ஓடிப்போன மாப்பிள்ளைகளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை கிடைத்து, அதற்கும் பிறகுதான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கல்யாணம் ஆகிறவரைக்கும் என்று அப்பா போட்ட நிபந்தனையை அவரும் ஞாபகப்படுத்தவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பல வருஷம் கழித்து நிலத்தைப் பிரிக்கலாம் என்று அண்ணன் சர்வேயரை அழைத்துவந்தான். எது எப்படிப் பிரிந்தாலும் சரி, கிணற்று மேட்டில் என் நான்கு முழம் என் பங்கில் வரவேண்டும், அதை எழுத்தில் போடவேண்டும் என்று முதல் வார்த்தையாகச் சொன்னேன். அண்ணன் சிரித்துக்கொண்டே சரி என்றான். சர்வேயர் வரைபடத்தை விரித்துச் சங்கிலியைப் பிடித்து மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் உதட்டைப் பிதுக்கினார். கிணறு எங்கள் பட்டாவில்தான் இருக்கிறது. ஆனால் வெட்டிய கல்லையும் சரளையையும் அந்தக் காலத்தில் கிழக்கே ஓடைப் பக்கம் கொட்டியிருக்கிறார்கள். செடி நிற்கிற மூலை எங்கள் எல்லைக்கு வெளியே, ஓடைப் புறம்போக்கில், அரசாங்க நிலத்தில் இருக்கிறது. அதை எனக்கு எழுதித் தரமுடியாது. அப்பா கொடுத்ததும், திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்ததும், நான் கட்டில் போட்டு மீட்டதும் எங்களுடையதே இல்லை.

நான் செடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்கு அப்போது வயது எண்பதை நெருங்கியிருந்தது, கைத்தடியோடு மெல்ல மேட்டில் ஏறி வந்தார். சர்வேயர் சொன்னதை இன்னொரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். கைத்தடியால் சரளையை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"உங்கண்ணன் ஆளுங்களுக்குக் கவர்மெண்டு பங்கு குடுக்க ரெண்டு வருசம் ஆச்சு" என்றார். "நீ அதுக்கு முன்னாடியே எடுத்துக்கினே."